பின்சுவரில் ஒரு வாசல்

ஜூன் 16, திங்கள்

காலை வழிபாட்டின்போது முதல் லாரி போனது. மணல் லாரி இல்லை. துறைமுகத்திலிருந்து பெட்டி ஏற்றி வரும் கண்டெய்னர் வண்டி, நாற்பதடி நீளம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

கால்வாய்ப் பாலத்தில் விரிசலாம். பழுது பார்த்து முடிக்கும்வரை கனரக வண்டிகள் எல்லாம் எங்கள் வேலப்பன் நகர் மெயின் ரோடு வழியாகத்தான் போகுமாம். முனையில் பலகை வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம்.

பள்ளி வாசல் நேராக அந்தச் சாலையில்தான் திறக்கிறது. பிள்ளைகள் ஐம்பத்தெட்டுப் பேர். ஆசிரியர்கள் நானும் பெனிட்டாவும். பிள்ளைகளில் நாற்பத்தொரு பேர் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கால்வாய்க்கரைக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். சந்து வழியே சுற்றி மெயின் ரோட்டுக்கு வந்து, அதன் ஓரமாக இருநூறு அடி நடந்து வர வேண்டும். நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் இப்போது லாரி.

இரவு இவருக்கு அடை வார்த்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 18, புதன்

வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் புழுதி. "ஏழெட்டு?" என்று கேட்டால் ஹாரன் பதில் சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் தரை அதிர்வது முதுகில் தெரிகிறது.

காவல் நிலையத்துக்கும் வட்டார அலுவலகத்துக்கும் மனு எழுதினேன். பள்ளி நேரத்திலாவது வண்டிகளை நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

நல்ல யோசனை ஒன்று தோன்றியது. ஹார்டுவேர் கடையில் நாற்பத்தொரு முழம் நைலான் கயிறு வாங்கி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு முடிச்சு. சந்து முனையிலிருந்து பள்ளி வாசல்வரை எல்லோரும் முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வர வேண்டும். முன்னால் நான், கடைசியில் பெனிட்டா. கயிற்றை விடக் கூடாது, கயிறு தரையில் இழுபடக் கூடாது. இந்த இரண்டுதான் விதி. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இன்று ஒரு பிள்ளைகூட வரிசையை விட்டு விலகவில்லை. எதிர்க்கடைக்காரர், "மிலிட்டரி மாதிரி கூட்டினு போறீங்க டீச்சர்" என்றார். மனதுக்கு நிறைவாக இருந்தது. மறைப்பானேன்.

ஜூன் 27, வெள்ளி

சத்துணவுக் கூடத்தின் பக்கம் கை கழுவப் போன பெனிட்டா, பின்சுவரைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"மேடம், அங்க ஒரு எடத்துல மட்டும் செங்கல் வேற கலர்ல இருக்கே. முன்னாடி கேட் இருந்துச்சா?"

"இருந்தது."

"அந்தப் பக்கம் கால்வாய்க்கரைதானே? அது இருந்தா பிள்ளைங்க ரோட்டுக்கே வர வேண்டாமே. ஏன் மேடம் அடைச்சாங்க?"

"மாடு உள்ளே வந்தது" என்றேன்.

மாடு வந்தது உண்மைதான். ஒரு தடவை.

ஜூலை 2, புதன்

காவல் நிலையத்திலிருந்து ஒரு காவலரை அனுப்பினார்கள். இரண்டு நாள் நின்றார். இன்று வரவில்லை. வேறு எங்கோ பந்தோபஸ்தாம்.

அக்கா தங்கை இருவருக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவர்கள் வீட்டார் வந்தார்கள். கொடுத்தேன். நாலு குடும்பம் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அனுப்புங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

ஜூலை 4, வெள்ளி

பெற்றோர் கூட்டம். ஆட்டோ ஓட்டும் ஆனந்தன் எழுந்தார். ஒன்றாம் வகுப்பு தன்யஸ்ரீயின் அப்பா.

"ரோட்டுல எத்தினி நாளு கயித்த புட்சினு வர்றது டீச்சர்? பின்னால செவுத்த ஒடச்சி வுட்டா ஒரு நிமிசத்துல வந்துடும் பசங்க. அந்த எடம் நம்ம பால்கார தெய்வானையோடது. அதுங்கிட்ட கேட்டா வுடாதா?"

பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். நாங்கள் போய்க் கேட்கிறோம் என்று சொன்னார்கள். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. "டீச்சரே வரட்டும்" என்றாளாம்.

ஜூலை 7, திங்கள்

போனேன்.

சுற்றிக்கொண்டுதான் போக முடியும். அந்த இருநூறு அடியைத் தனியாக, கயிறு இல்லாமல் நடந்தேன். ஒரு வண்டி என்னைத் தாண்டுகிறவரை சுவரோடு ஒட்டி நின்றேன். புடவைத் தலைப்பைக் காற்று இழுத்தது.

தெய்வானை பால் கறந்துகொண்டிருந்தாள். ஏழு மாடுகள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வா டீச்சர். வழி தெரியறதுக்கு பதினோரு வருசம் ஆச்சா?"

"பிள்ளைங்களுக்காக வந்திருக்கேன் தெய்வானை. காலையில அரைமணி, சாயங்காலம் அரைமணி. லாரி நின்னதும் திரும்ப அடைச்சுக்கலாம். உன் மாட்டுக்கு ஒரு தொந்தரவும் வராது."

"மாட்டுக்கு இன்னா தொந்தரவு. அதுங்க யாரைப் பத்தியும் எழுதிக் குடுக்கறதில்ல."

அவள் செம்பை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். தலை நரைத்திருக்கிறது. என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"வழி வுடறேன் டீச்சர். எனக்கு ஒண்ணு வேணும். அன்னிக்கு ஆபீசர் கைல ஒரு பேப்பர் குடுத்த இல்ல, 'என் கண்ணால பாத்தேன்'னு. நீ பாக்கலன்னு எழுதிக் குடு."

"அது பழைய விஷயம்."

"ஒனக்கு."

அப்போது அவள் மகள் சுகந்தி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். கழுத்தில் ஏதோ அலுவலக அடையாள அட்டை. ஐந்தாம் வகுப்புவரை எங்கள் பள்ளியில்தான் படித்தாள். என்னைப் பார்த்தவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் போய்விட்டாள்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ரிட்டயர் ஆக எத்தனை மாசம் இருக்கு?"

"பத்து."

"பத்து மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடு. இப்ப போய் அன்னிக்கு எழுதினது பொய்னு எழுதிக் குடுத்தா விசாரணை வைப்பான். பென்ஷனை நிறுத்தி வைப்பான். ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியாது."

பொய் என்று நான் சொல்லவே இல்லை. அவராகச் சொன்னார்.

நடந்தது இதுதான். தெய்வானை எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்தாள். பின்வாசல் வழியாகத்தான் வருவாள், போவாள். ஒரு நாள் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். மூன்று மூட்டை அரிசி குறைந்தது. உதவியாளர்தான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று கூடத்துக்குப் பொறுப்பான அமைப்பாளர் சொன்னார். தலைமை ஆசிரியை என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். தினமும் சாயங்காலம் அவள் வாளியோடு பின்வாசல் வழியே போவதைப் பார்த்திருக்கிறேன். அதை எழுதினேன். அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். வாசலை அடைக்கச் சொன்னது நான்தான்.

வாளியைப் பார்த்தேன் என்பது உண்மை.

ஜூலை 11, வெள்ளி

முனைப் பலகையில் "ஆறு வாரம்" என்ற வரிமேல் தாள் ஒட்டியிருக்கிறார்கள். "மறு உத்தரவு வரும்வரை."

ஜூலை 14, திங்கள்

வருகை முப்பத்தொன்று. கால்வாய்க்கரையிலிருந்து இருபத்திரண்டு பேர்தான் வந்தார்கள். சத்துணவில் முட்டை மீந்தது. பெனிட்டாவுக்கு நாளை முதல் மூன்று நாள் பயிற்சி வகுப்பு.

ஜூலை 15, செவ்வாய்

தன்யஸ்ரீக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. முழங்கையிலிருந்து கீழே தோல் உரிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 16, புதன்

இன்று எழுத முடிகிறது.

நேற்று காலை எட்டே முக்காலுக்கு வரிசை கிளம்பியது. முன்னால் நான். கடைசியில் யாருமில்லை. எதிரே ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. அதற்கு ஒதுங்கிய கண்டெய்னர் வண்டி எங்கள் பக்கம் நெருங்கிவிட்டது. வண்டியின் பக்கவாட்டில் இருந்த கொக்கி ஒன்று கயிற்றில் மாட்டிக்கொண்டது. அதை நான் பார்க்கவில்லை. என் கையிலிருந்த முனை பிடுங்கிக்கொண்டு போனபோதுதான் திரும்பினேன். பிள்ளைகள் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். கடைசியில் வந்த தன்யஸ்ரீ மட்டும் விடவில்லை. கயிறு அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

பத்தடி இழுத்துக்கொண்டு போனது. டிரைவர் பிரேக் அடித்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நான் ஓடவில்லை. ஓடியவள் தெய்வானை. கால்வாய்க்கரையில் புல் அறுத்துக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தவள், கட்டைப் போட்டுவிட்டு அரிவாளோடு ஓடினாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த முதல் ஆட்டோவை மறித்து ஏறினாள். நான் பின்னாலேயே ஏறினேன்.

சாயங்காலம் திரும்பி வந்து பள்ளியைப் பூட்டும்போது பின்பக்கம் இடிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். செங்கல் ஒவ்வொன்றாக உள்பக்கம் விழுந்தது. முதலில் கடப்பாரை தெரிந்தது, பிறகு தெய்வானையின் கை, பிறகு முகம்.

"தெய்வானை, நான் இன்னும் எழுதலையே" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த வார்த்தை அதுதான்.

அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"உன் பேப்பர எவ கேட்டா இப்போ? அந்தக் கொழந்தைய என் தோள்ல போட்டுனு போனேன் டீச்சர். என் ஜாக்கெட்டு முச்சூடும் ரத்தம். நகரு. கல்லு வுழப்போவுது."

நகர்ந்தேன்.

ஜூலை 17, வியாழன்

இன்று பிள்ளைகள் பின்வாசல் வழியாக வந்தார்கள். தெய்வானை மாடுகளை ஒரு பக்கமாகக் கட்டி, ஈரமான இடத்தில் பலகை போட்டு வைத்திருந்தாள்.

பிற்பகல் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். டிரைவர் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெயர் செங்கோடன், நாமக்கல் பக்கம். சட்டையின் ஒரு கை இல்லை. உதடு வீங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் ஆட்கள் செய்த வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"புள்ளைக்கு எப்படீங்க இருக்குது?"

சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆய்வாளர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்கதான் நேர்ல பார்த்த சாட்சி, டீச்சர். நடந்ததை எழுதிடுங்க. செல்போன் பேசிக்கிட்டே ஓட்டினதைப் பார்த்தேன்னு ஒரு வரி போட்டீங்கன்னா கேஸ் ஸ்ட்ராங்கா நிக்கும்."

ஆனந்தன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். "எழுது டீச்சர். போன்ல தான் பேசினுருந்தான். எல்லாம் சொல்றாங்க."

"யார் பார்த்தாங்க?"

"நீ பாத்திருப்ப இல்ல? நீதான முன்னால போன?"

பேனாவைத் திறந்தேன். தேதி போட்டேன். "நான் என் கண்ணால்" என்றுவரை எழுதினேன். கை அந்த வார்த்தைகளைப் பழக்கமாக எழுதியது. ஒற்றெழுத்துக்கூடத் தடுக்கவில்லை. அங்கே நிறுத்திவிட்டேன்.

மூலையில் அந்த மனிதர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கேட்டேன். இப்படி எழுதினேன். வண்டி நெருங்கியதை நான் பார்க்கவில்லை. டிரைவர் போன் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் உடனே வண்டியை நிறுத்தினார். கயிறு கட்டியது என் ஏற்பாடு. நாற்பத்தொரு பேருக்கு முடிச்சுப் போட்ட கயிற்றில் அன்று இருபது பேர்தான் வந்தார்கள். மீதிக் கயிறு பின்னால் கிடந்தது. கடைசியில் பெரியவர்கள் யாரும் இல்லாமல் வரிசையைக் கிளப்பியது நான்.

ஆய்வாளர் படித்துவிட்டு, "உங்களுக்கே வினையா முடியும் டீச்சர்" என்றார்.

ஆனந்தன் வெளியே போனார். வாசலில் யாரிடமோ, "டீச்சரு லாரிக்காரன் பக்கம்" என்று சொன்னது கேட்டது.

அதில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அன்று காலை கிளம்பும்போது திரும்பிப் பார்த்து, "யாரது கயித்தைத் தரையில இழுக்கறது? தூக்கிப் பிடி!" என்று அதட்டினேன். கடைசியில் நின்றது தன்யஸ்ரீ. தூக்கிப் பிடித்தாள். கீழே விழாமல் இருக்கக் கையில் சுற்றிக்கொண்டாள்.

ஜூலை 18, வெள்ளி

தெய்வானைக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தேன். மாதாந்திர அறிக்கை இருந்தது.

ஜூலை 21, திங்கள்

வருகை நாற்பத்தொன்பது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன அக்கா தங்கையின் அம்மா திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டு வந்தார். முன்பக்கம் லாரி போய்க்கொண்டுதான் இருக்கிறது. முன்கதவைப் பூட்டிவிட்டோம். சத்தமும் புழுதியும் அப்படியே. இரண்டாம் வகுப்பு அறைச் சுவரில் மூலையிலிருந்து ஒரு கோடு இறங்கியிருக்கிறது. பெனிட்டா பென்சிலால் அதன் நுனியில் தேதி எழுதி வைத்திருக்கிறாள்.

தெய்வானையிடம் எழுதிக் கொடுப்பது பற்றி இவர் கேட்டார். "அதான் வழி விட்டாச்சே. இனிமே எதுக்கு?"

நானும் அதைத்தான் நினைத்தேன். அவர் சொல்லிக் கேட்கும்போது நன்றாக இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

மழை. எழுதவில்லை.

ஜூலை 24, வியாழன்

கயிறு பற்றி வட்டார அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது. பதில் எழுதி அனுப்பினேன். காலையும் மாலையும் பின்வாசலில் நிற்கிறேன். தெய்வானை பத்தடி தூரத்தில் சாணம் அள்ளுகிறாள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் இருப்பதே அவள் கண்ணில் படவில்லை. அந்தப் பேப்பரைப் பற்றி அவள் கேட்பாள் என்று தினமும் எதிர்பார்க்கிறேன். கேட்பதில்லை. கேட்டால் சுலபமாக இருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

தன்யஸ்ரீயைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். ஆனந்தன் என்னைப் பார்த்ததும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் மனைவி பாய் போட்டு உட்காரச் சொன்னார். குழந்தை கட்டுப் போட்ட கையில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் காதருகே வந்து ரகசியம் போலச் சொன்னாள்.

"மிஸ், எல்லாரும் வுட்டுட்டாங்க மிஸ். நான் மட்டும் கயித்த கீழ வுடவே இல்ல."

பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். பிறகு, "நான் அப்படிச் சொன்னது தப்பு. கயிறு கீழ விழுந்தா விழட்டும். நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் அம்மாவுக்குப் புரிந்தது. கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். காப்பியை என்னிடம் கொடுக்க நேரமாயிற்று. ஆனாலும் கொடுத்தார்.

ஜூலை 28, திங்கள்

எழுதிவிட்டேன். இரண்டு பிரதி. ஒன்றை மதியம் அஞ்சலகம் போய்ப் பதிவுத் தபாலில் வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் இவரிடம் சொன்னேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். சாப்பிட வரவில்லை.

அதில் எழுதியது: தெய்வானை வாளியில் எடுத்துப் போனது மாட்டுக்கான கஞ்சித் தண்ணீர். அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அரிசி எடுத்ததை நான் பார்க்கவில்லை. வாரம் ஒரு முறை அரிசி இருப்பைச் சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு. இருப்பு அறைக்குள் போகாமலே மாதக்கணக்கில் கையெழுத்துப் போட்டு வந்தேன். அது வெளியே தெரியாமல் இருக்க எனக்கு ஒரு திருடி தேவைப்பட்டாள். இரண்டு வருடம் கழித்து அதே அமைப்பாளர் வேறொரு பள்ளியில் கையும் களவுமாக மாட்டினார். அதைக் கேள்விப்பட்ட பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

இவ்வளவையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுத முடிந்தது.

ஜூலை 30, புதன்

காலை ஏழு மணிக்கே போனேன். சந்தில் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. குடங்களோடு இருபது இருபத்தைந்து பெண்கள். தெய்வானை தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன்.

"என்னாது?"

"நீ கேட்டது. ஆபீசுக்கும் ஒண்ணு அனுப்பிட்டேன்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். தாளை வாங்கவில்லை.

"நீயே படி."

"உனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"நான் படிச்சா எனக்கு மட்டும்தான் கேக்கும்" என்றாள். சந்துப் பக்கம் நடந்து போய்க் குரல் கொடுத்தாள். "ஏய், கொடத்த வெச்சிட்டு வாங்க. டீச்சர் ஒண்ணு படிக்குது."

வந்தார்கள். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேரின் பிள்ளைகள் என்னிடம் படிக்கிறவர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நாலு வரிகூடப் போகவில்லை, மெயின் ரோட்டில் வண்டிகள் அடைத்துக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனேன். அது எனக்கு வசதியாகக்கூட இருந்தது.

"கேக்கல" என்றாள் தெய்வானை. "மொதல்லேர்ந்து."

முதலிலிருந்து படித்தேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரலில், கத்தி. "நான் பார்க்கவில்லை" என்ற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் ஒரு வயதான பெண், "அப்பவே சொன்னேனே நானு" என்று யாருக்கோ சொன்னாள். தெய்வானை தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"செரி" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பத் திரும்பினேன். வீட்டு வாசற்படியில் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய கோலம். முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா விஷயம் எழுதிட்டீங்க டீச்சர். என் விஷயம் எங்க?"

"என்னம்மா?"

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபடி ஞாபகம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதை நான் கடிதத்தில் எழுதவில்லை. இந்த நோட்டிலும் இத்தனை நாளாக எழுதவில்லை. எழுதாமல் விட்டதே தெரியாதபடி எழுதி வந்திருக்கிறேன்.

இப்போது எழுதுகிறேன். அவள் அம்மாவை வேலையை விட்டு நீக்கிய மறுநாள் சுகந்தி பள்ளிக்கு வந்தாள். பின்வாசல் அடைத்திருந்ததால் சுற்றி வந்து, தாமதமாக. வகுப்பில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளிடம் நான் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. "பையைப் பத்திரமா வெச்சுக்கோங்க" என்று மற்ற பிள்ளைகளிடம் சொன்னேன். பிறகு அவளைச் சுவரோரம் தனியாக உட்கார வைத்தேன். ஒரு வாரம் என்று நினைத்துத்தான் செய்தேன். ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடிந்து போகும்வரை அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வா என்று நான் கூப்பிடவே இல்லை.

நாளை காலை எட்டு மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்புவாள். ஏழரைக்கே போய் நிற்க வேண்டும்.